தோள்பை: தார்ப்பாய்க்குப் பின்னால் ஒரு ஏரி!

மக்களே, இந்தப் பக்கத்துல இதுவரைக்கும் ‘அங்க போனோம், அசத்தினோம்’ டைப் கதைதான் எழுதியிருக்கேன். இந்த வாரம் கொஞ்சம் வேற மாதிரி. போனோம்... நனைஞ்சோம்... சண்டை போட்டோம்... திரும்பி வந்தோம்! அவ்வளவுதான் கதைன்னு நினைச்சா, இல்லை. நடுவுல ஒரு ராத்திரி இருக்கு.

2025 ஜூன் மாசம். நாலாவது செமஸ்டர் முடிஞ்சு, ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணி மூட்டை கட்டிக்கிட்டு இருந்த நேரம். நாங்க நாலு பேர். நிஜப் பேரைப் போட்டா வீட்ல உதை விழும்ங்கிறதால பட்டப்பேர் மட்டும். கேப்டன்: கிரிக்கெட் டீமுக்கு இல்லை, காலையில யார் முதல்ல குளிக்கணும்கிறது வரைக்கும் எல்லாத்துக்கும் அவனே கேப்டன். டாப்பர்: சி.ஜி.பி.ஏ. ஒன்பதுக்குக் கீழே இறங்கினா காய்ச்சல் வந்துடும். டெல்டா: சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம், அப்பா விவசாயி, மூணு ஏக்கர். அப்புறம் அடியேன். மெக்கானிக்கல். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல பாஸ் மார்க்குக்கு மேல ரெண்டே ரெண்டு மார்க் எடுத்த விஞ்ஞானி.

“ஆலப்புழா போறோம், ஹவுஸ்போட்ல ஒரு நைட் தங்கறோம்!” - ஐடியா என்னோடது. சீஸன்ல கிட்டத்தட்ட டபுள் ரேட்டு சொல்ற ரெண்டு பெட்ரூம் படகை, மழைக்காலம்கிறதால பேரம் பேசி 9,000 ரூபாய்க்கு முடிச்சேன். சாப்பாடும் சேர்த்து. மழையைப் பத்தி டாப்பர் கேட்டான். வழக்கமா ஜூன் 1-ம் தேதி வாக்குல கேரளாவுக்கு வர்ற தென்மேற்குப் பருவமழை, 2025-ல மே 24-ம் தேதியே வந்து இறங்கிடுச்சு. ஜூன் ஆரம்பத்துல கொஞ்ச நாள் லீவு விட்டுச்சு. “சீக்கிரம் வந்தது, சீக்கிரம் போயிடுச்சு மச்சி!”ன்னு நானே வானிலை அறிக்கை வாசிச்சேன்.

வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் போட்டேன். ‘ஆளுக்கு 2,500. நாளைக்குள்ள அனுப்புங்க.’ ரெண்டாவது நிமிஷம் கேப்டன் கட்டைவிரலைத் தூக்கிட்டான். டாப்பர் ஏழு சந்தேகம் கேட்டுட்டு பணம் அனுப்பினான். டெல்டாகிட்டேர்ந்து மட்டும் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரே வார்த்தை: ‘ஓகே.’ அது ஏன் அவ்வளவு லேட்டா வந்துச்சுன்னு நான் யோசிக்கவே இல்லை.

விடியற்காலையில கோயம்புத்தூர்ல, சென்னையிலேர்ந்து வர்ற ஆலப்புழா எக்ஸ்பிரஸைப் பிடிச்சோம். அன்ரிசர்வ்டு. நாலு தோள்பை, ஒரு சீட்டு. பாலக்காடு தாண்டினதும் ஜன்னல்ல முதல் சொட்டு விழுந்தது. திருச்சூர்ல சாரல். எர்ணாகுளத்துல ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சு. கேப்டன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... வைவாவுல எக்ஸ்டர்னல்கூட அப்படிப் பார்த்ததில்லை!

ஆலப்புழாவுல நேரு டிராபி படகுப் போட்டி முடியுற இடத்துக்கு ‘ஃபினிஷிங் பாயின்ட்’னு பேரு. அங்கதான் ஹவுஸ்போட்டெல்லாம் வரிசையா நிக்கும். சீஸன்ல தேர்த் திருவிழா மாதிரி இருக்குமாம். நாங்க போனப்போ நனைஞ்ச யானைக் கூட்டம் மாதிரி சும்மா நின்னுச்சுங்க. பன்னிரண்டு மணிக்குப் படகுல ஏறினோம். ஓட்டுறதுக்கு ஒரு சேட்டன், சமையலுக்கு ஒரு வயசான சேட்டன். அவ்வளவுதான் எங்க உலகம்.

இந்தப் படகோட ஜாதகத்தைச் சொல்லியே ஆகணும். ‘கெட்டுவள்ளம்’னு பேரு. கெட்டுன்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம ‘கட்டு’தான். ஆஞ்சிலி மரப் பலகையை ஆணியே அடிக்காம, தென்னங்கயிறால வெச்சுத் தைச்சுக் கட்டுற படகு. ஒரு காலத்துல நெல்லும் மிளகும் ஏத்திக்கிட்டு கொச்சிக்குப் போன சரக்கு வண்டி. ரோடும் லாரியும் வந்த பிறகு வேலையில்லாம நின்னுச்சு. 1990-கள்ல மூங்கில் கூரை போட்டு, பெட்ரூம் வெச்சு, டூரிஸ்ட் படகா மறுஜென்மம் எடுத்தது. ஆணி இல்லாத படகுன்னதும் டாப்பர் உடனே லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கிட்டான். தூங்கும்போதுதான் கழட்டினான்!

படகு கிளம்பின பத்தாவது நிமிஷம், சாரல் உள்ளே அடிக்குதுன்னு சமையல் சேட்டன் ரெண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டுட்டாரு. நீலக் கலர். வலப்பக்கம் பார்த்தா நீலம், இடப்பக்கம் பார்த்தா நீலம். முன்னாடி மட்டும் படகு ஓட்டுற சேட்டனோட முதுகும், அதைத் தாண்டி சாம்பல் கலர்ல ஏதோ ஒண்ணும். அது ஏரியா, வானமான்னு தெரியலை.

“வேம்பநாட்டு ஏரிக்குள்ள எப்போ போவோம் சேட்டா?”

“காத்து பலமாயிட்டு உண்டு. இன்னிக்கு ஏரி வேண்டாம். தோட்டுல போகாம்.”

தோடுன்னா கால்வாய். இந்தியாவோட நீளமான ஏரியைப் பார்க்கப் போனவங்களுக்கு, அந்த ஏரி கேன்சல்!

சூரிய அஸ்தமனத்துக்குன்னு கேப்டன் ஸ்பெஷலா ஒரு வெள்ளைச் சட்டை கொண்டுவந்திருந்தான். பையைவிட்டு அது வெளியே வரவே இல்லை. நாங்க மூணு பேரும் உள்ளே உட்கார்ந்து உச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தப்போ, டெல்டா மட்டும் முன்னாடி போய், தலையில துண்டைப் போட்டுக்கிட்டு நின்னுட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு அவனே கூப்பிட்டான். “டேய் மெக்கானிக்கல், இங்க வா. இந்தக் கொடுமையைப் பாரு.”

போய்ப் பார்த்தேன். நாங்க போற கால்வாய் மேலே இருக்கு. கரைக்கு அந்தப் பக்கம் வயல் கீழே இருக்கு! வீட்டு மொட்டைமாடியிலேர்ந்து தெருவைப் பார்க்குற மாதிரி இல்லாட்டியும், திண்ணையிலேர்ந்து பார்க்குற மாதிரி. நடுவுல ஒரு மண் வரப்பு. அந்த வரப்பு மேலேயே வரிசையா வீடு, தென்னை, சின்னதா ஒரு டீக்கடை.

இதுதான் குட்டநாடு. கடல் மட்டத்துக்குக் கீழே ஒண்ணு, ரெண்டு மீட்டர் ஆழத்துல நெல் விளையுற ஊர். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில்னு நாலு ஆறு வந்து சேர்ற இடம். அந்தச் சேத்தையே அள்ளி வரப்பு கட்டி, உள்ளே இருக்கிற தண்ணியை வெளியே இறைச்சு வயலாக்கியிருக்காங்க. ஐ.நா.வோட உணவு, வேளாண்மை அமைப்பு 2013-ல இந்த விவசாயத்தை உலகப் பாரம்பரிய வேளாண் முறைகள்ல ஒண்ணா அங்கீகரிச்சிருக்கு.

சமையல் சேட்டன் கரிமீனைக் கழுவிக்கிட்டே கதை சொன்னாரு. இங்கே முக்கியமான போகத்துக்குப் பேரு ‘புஞ்ச’. மழையெல்லாம் முடிஞ்சு, அக்டோபர் வாக்குல வயல்ல நிக்கிற தண்ணியை பம்ப் போட்டு வெளியே தள்ளிட்டுத்தான் விதைப்பாங்களாம். டெல்டாவுக்கு வாய் மூடலை.

“எங்க ஊர்ல புஞ்சைன்னா ஆத்துத் தண்ணி ஏறாத மேட்டு நிலம் சேட்டா. உங்க ஊர்ல தண்ணிக்குள்ள செய்யறதுக்குப் பேரு புஞ்சையா?”

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல படகே ஆடுச்சு. ஒரே வார்த்தை, மலையைத் தாண்டினதும் தலைகீழாயிடுச்சு!

தண்ணியை வெளியே தள்ளுற அந்த பம்ப் இருக்கே, அதுக்குப் பேரு ‘பெட்டி - பறை’. மரத்துல பறை மாதிரி ஒரு நிமிர்ந்த குழாய், அதோட ஒரு நீளப் பெட்டி, உள்ளே சுத்துற இறக்கை. ஆக்சியல் ஃப்ளோ பம்ப்! உயரம் ரொம்பத் தூக்க வேண்டாம், தண்ணி நிறைய போகணும்ங்கிற இடத்துக்கு இதுதான் சரின்னு புஸ்தகத்துல ரெண்டு வரி வரும். பரீட்சையில அந்த ரெண்டு வரியைத்தான் நான் எழுதாம விட்டேன். கரையோரமா ஒரு ஷெட்டுல அது நனைஞ்சுக்கிட்டு நின்னதைப் பார்த்தப்போ, கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது.

“இவ்வளவு மழையில பயமா இருக்காதா சேட்டா?”ன்னு கேட்டேன்.

“மழைக்கு எந்தினா மோனே பயம்? மடை விழுந்தாத்தான் பயம்.” வரப்பு உடையறதைத்தான் ‘மடை விழறது’ன்னு சொல்றாரு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல அதுதான் நடந்தது. குட்டநாடே கிட்டத்தட்ட மொத்தமா காலியாச்சு. இவரோட வீட்ல ஜன்னல் வரைக்கும் தண்ணி. குடும்பத்தோட முகாம்ல இருந்திருக்காரு. அன்னிக்கு ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போனதுல இதே மாதிரி ஹவுஸ்போட்டுகளும் உண்டு. “பெரிய மழை பெய்ற ராத்திரி, வரப்புல டார்ச் அடிச்சு நடப்போம். கசிவு தெரிஞ்சா உடனே பக்கத்து வீட்டைக் கூப்பிடணும். காலையில பார்க்கலாம்னு இருந்தா, காலையில வரப்பு இருக்காது.”

சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் படகை ஒரு தென்னை மரத்துல கட்டிட்டாங்க. மழையால இல்லை. தினமுமே அப்படித்தான். ராத்திரி மீனவர்கள் வலை விரிக்கிற நேரம், அதனால ஹவுஸ்போட் ஓட்டக் கூடாது. ‘ராத்திரி முழுக்க மிதந்துக்கிட்டே போவோம்’னு நான் விட்ட பில்டப்புக்கு இதுவும் ஒரு ஆப்பு.

பழம்பொரியும் கட்டன் சாயாவும் வந்தது. அதோட சண்டையும் வந்தது.

“ஒன்பதாயிரம் ரூபாய் குடுத்து தார்ப்பாயைப் பார்க்கவா வந்தோம்?” - கேப்டன்.

“பகல் பன்னிரண்டுலேர்ந்து காலை ஒன்பது வரைக்கும் 21 மணி நேரம். மணிக்கு 428 ரூபாய் 57 பைசா” - டாப்பர். கால்குலேட்டர் இல்லாமலே சொன்னான் பாவி.

“ரிப்போர்ட்டருக்கு எழுதறதுக்கு மேட்டர் வேணும். அதுக்கு நம்ம காசு!” - மறுபடி கேப்டன்.

அது சுருக்குன்னு குத்திச்சு. ஏன்னா, பாதி உண்மை. இந்தப் பக்கத்தை நிரப்பணும்கிற ஆசையும் எனக்கு இருந்தது. பதிலுக்கு நானும் கத்தினேன். ‘போன வருஷம் உன் பேச்சைக் கேட்டு கொடைக்கானல் போய் பஸ் ஸ்டாண்டுல படுத்தோமே’ங்கிற வரைக்கும் போச்சு. கரன்ட்டும் போச்சு. படகுல ஒரே ஒரு சின்ன பல்பு. எனக்கு ஆதரவா ஒரு ஓட்டு வேணும். மதியம் முழுக்க சந்தோஷமா நின்னவனைப் பார்த்துத் திரும்பினேன்.

“டெல்டா, நீயாச்சும் சொல்லுடா. உனக்குப் பிடிச்சிருக்குல்ல?”

அவன் கொஞ்ச நேரம் பேசலை. மூங்கில் கூரை மேல மழை விழுற சத்தம் மட்டும்.

“பிடிச்சிருக்குடா. ஆனா நான் குடுத்தது மெஸ் காசு.”

யாருக்கும் முதல்ல புரியலை. அவனே சொன்னான். மெஸ் பாக்கி கட்ட அப்பா அனுப்பின பணம். குறுவைக்கு உழவு ஓட்ட வெச்சிருந்ததுலேர்ந்து எடுத்துக் குடுத்தாராம். திங்கட்கிழமைக்குள்ள கட்டணும். தாண்டினா ஃபைன். கட்டலைன்னா அடுத்த செமஸ்டருக்குப் பதிவு பண்ண முடியாது. மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறந்துட்டாங்க, தண்ணி இன்னும் அவங்க ஊர் வாய்க்காலுக்கு வந்து சேரலை. அதுவரைக்கும் அப்பாகிட்ட இன்னொரு தடவை கேட்க முடியாது.

“ஏன்டா முதல்லயே சொல்லலை?” கேப்டன்தான் கேட்டான். குரல்ல கேப்டன் இல்லை.

“யார்ரா கேட்டீங்க? ‘நாளைக்குள்ள அனுப்புங்க’ன்னு மெசேஜ் வந்துச்சு. ஊட்டிக்குக் கூப்பிட்டப்போ வயிறு சரியில்லைன்னேன். கொடைக்கானல் அப்போ சொந்தக்காரங்க கல்யாணம்னேன். ஒவ்வொரு தடவையும் வரலைன்னு சொல்றவன் நானாவே இருக்க முடியுமாடா?”

ஊட்டிக்குப் போனப்போ அவனுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கிட்டு வந்து குடுத்தவன் நான். ரெண்டு வருஷம் ஒரே ரூம். அவன் எந்தப் பாட்டு கேட்டா தூங்குவான்னு தெரியும். மாசக் கடைசியில அவன் டின்னருக்கு ஏன் வர்றதில்லைன்னு தெரியாது. தெரியாதுன்னு சொல்றதுகூடப் பொய்யோ என்னவோ. கேட்டுத் தெரிஞ்சுக்கலை.

அதுக்கப்புறம் யாரும் வானிலையைப் பத்திப் பேசலை. டாப்பர் ஒரு பேப்பரை எடுத்தான். 10,000 ரூபாயை மூணால வகுத்தான். “ஆளுக்கு 3,333. மிச்சம் ஒரு ரூபாய் ரிப்போர்ட்டர் தலையில.” டெல்டாவுக்குக் கோபம் வந்துடுச்சு. “பிச்சையாடா போடுறீங்க?” மறுபடி ஒரு சண்டை. முதல் சண்டையைவிட இது நல்ல சண்டை. சப்பாத்தி ஆறிப்போச்சு, சிக்கன் ஆறிப்போச்சு, கடைசியில ராத்திரி ஒரு மணிக்கு உடன்படிக்கை கையெழுத்தாச்சு. அது கடன். வட்டி கிடையாது. குறுவை அறுத்ததும் திருப்பித் தரணும். அதுவரைக்கும் யாரும் அதைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது. இதை எழுதறதுக்குக்கூட டெல்டாகிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன். “பட்டப்பேர்தானே, போட்டுக்கோ”ன்னுட்டான்.

அப்புறம் விடியுற வரைக்கும் பேசினோம். என்ன பேசினோம்னா... டாப்பருக்கு நிஜமா இன்ஜினீயரிங் பிடிக்கலை. கேப்டனோட அண்ணன் ஒரு வருஷமா வேலையில்லாம இருக்காரு. நட்சத்திரமும் நிலாவும் தெரிஞ்சிருந்தா போட்டோ எடுத்துட்டுத் தூங்கியிருப்போம். பார்க்க ஒண்ணும் இல்லாததால ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

காலையிலயும் மழை விடலை. சமையல் சேட்டன் புட்டும் கடலையும் போட்டாரு. தார்ப்பாயைத் தூக்கிக் கட்டச் சொன்னோம். “நனையுமே?” “நனையட்டும் சேட்டா.” நீலம் போனதும் அத்தனையும் பச்சை. ஒரு அம்மா குடையைக் கழுத்துல இடுக்கிக்கிட்டு கால்வாய்ப் படியில பாத்திரம் கழுவறாங்க. ஒரு வாத்துக் கூட்டத்தைச் சின்னத் தோணியில ஒருத்தர் மேய்ச்சுக்கிட்டுப் போறார். அவங்களுக்கு இது மோசமான வானிலை இல்லை. ஞாயித்துக்கிழமை, அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டாங்க. திரும்ப எப்படிப் போறதுன்னு விசாரிச்சப்போதான் உச்சகட்ட காமெடி. ஆலப்புழா படகுத்துறையிலேர்ந்து கோட்டயத்துக்கு கேரள அரசோட நீர்ப் போக்குவரத்துத் துறை படகு ஓடுது. நம்ம டவுன் பஸ் மாதிரி. சுமார் ரெண்டரை மணி நேரம். டிக்கெட், ஒரு டீ, வடை செலவு! கோட்டயத்துலேர்ந்து கோயம்புத்தூருக்கு ரயில் இருக்கு. ஏறி உட்கார்ந்தோம். சர்ச்சுக்குப் போற குடும்பம், மீன் கூடை, முட்டைத் தட்டு, நாங்க நாலு பேர். புன்னமடையைத் தாண்டினதும் கரை ரெண்டு பக்கமும் விலகிச்சு. எங்களுக்கு கேன்சலான அதே வேம்பநாட்டு ஏரி! வானமும் தண்ணியும் ஒரே சாம்பல் கலர். நடுவுல ஒரு நீர்க்காகம் கம்பு மேல உட்கார்ந்து சிறகை விரிச்சுக் காய வெச்சுக்கிட்டு இருந்தது. அந்த மழையில காய வைக்கிற நம்பிக்கை இருக்கே, அரியர் பேப்பர் எழுதுற நம்பிக்கை அது!

கேப்டன் பையைத் திறந்தான். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டான். அரசுப் படகுல, மீன் கூடைக்குப் பக்கத்துல நின்னு, போட்டோ எடுக்கச் சொன்னான். எடுத்தேன். மங்கலா, சாய்வா, பாதி முகம் நனைஞ்சு... எங்க குரூப்புக்கு இப்பவும் அதுதான் புரொஃபைல் படம்.

போறவங்களுக்கு நாலு வார்த்தை. ஜூன், ஜூலையில போனா பாதி ரேட்டுக்குப் படகு கிடைக்கும். ஆனா காத்தடிச்சா ஏரிக்குள்ள போக மாட்டாங்கன்னு முன்னாடியே கேட்டுக்குங்க. ஏ.சி. பெரும்பாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான். துணியைப் பிளாஸ்டிக் கவர்ல கட்டிட்டு அப்புறம் பையில வைங்க. காசு இடிக்குதா, ஹவுஸ்போட்டை விட்டுடுங்க, அரசுப் படகு போதும். அதே கால்வாய், அதே தண்ணி. முக்கியமா, குரூப்ல ‘ஆளுக்கு இவ்வளவு’ன்னு டைப் பண்றதுக்கு முன்னாடி, எப்பவும் லேட்டா ‘ஓகே’ சொல்றவனுக்குத் தனியா ஒரு போன் போடுங்க. “எவ்வளவுன்னா உனக்கு முடியும்?”னு கேளுங்க. அந்தத் தொகையில பிளான் போடுங்க. நாங்க இப்போ அப்படித்தான் போடுறோம்.

திங்கட்கிழமை மெஸ் பாக்கி கட்டியாச்சு. அந்த வாரக் கடைசியில டெல்டா ஊர்லேர்ந்து ஒரு போட்டோ அனுப்பினான். அவங்க வீட்டுக்குப் பின்னால இருக்கிற வாய்க்கால். செம்மண் கலர்ல தண்ணி, நுரையும் சருகுமா ஓடுது. கீழே ஒரே வரி.

‘தண்ணி வந்துடுச்சு. ஹவுஸ்போட்தான் பாக்கி.’